நேத்து வரலை மாஸ்டர்: ஃபுல் பாடியா, ஸ்ப்ளிட்டா?

"மாஸ்டர், இன்னைக்கு என்ன போடட்டும்?"

"நேத்து என்ன அடிச்சே?"

"நேத்து வரலை மாஸ்டர். அதுக்கு முந்தின நாளும் வரலை."

"அப்போ செஸ்ட் போடு."

தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு ஜிம்முக்கு ஒரு மாதம் போயிருந்தால் போதும், இந்தப் பேச்சு காதில் விழுந்திருக்கும். மாஸ்டர் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. நடுவில் விட்டுப்போனவனை முதல் பாடத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறார். ஆனால் அந்தப் பையன் போன வாரமும் இரண்டு நாள் வரவில்லை, அப்போதும் செஸ்ட்டிலிருந்துதான் ஆரம்பித்தான். அதற்கு முந்தின வாரமும் அப்படித்தான். சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், புதன் ஷோல்டர், வியாழன் பைசெப்ஸ் (மேல்கையின் முன்பக்கத் தசை), வெள்ளி டிரைசெப்ஸ் (அதன் பின்பக்கத் தசை), சனி லெக் என்று ஆறு நாளும் வரிசையாக இருக்கும். வரிசையின் தலையில் இருப்பது திரும்பத் திரும்ப நடக்கும். வாலில் இருப்பது நடக்கவே நடக்காது. மேல்சட்டை இறுக்கமாகவும் பேன்ட் தொளதொளவென்றும் இருக்கும் பையன்கள் இத்தனை பேர் இருப்பதற்கு இதுதான் காரணம். அவர்கள் சோம்பேறிகள் கிடையாது.

உடம்பை இப்படிப் பாகம் பாகமாகப் பிரித்து நாளுக்கு ஒன்றாக வேலை கொடுப்பதை ஸ்ப்ளிட் என்கிறோம். வரும் ஒவ்வொரு நாளும் கால், முதுகு, நெஞ்சு, தோள் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் வேலை கொடுப்பது ஃபுல் பாடி. இரண்டில் எது நல்லது என்று ஜிம்மில் சேர்ந்த இரண்டாவது மாதம் எல்லாருக்கும் கேள்வி வரும். நான் ஒரு கேள்வியைத்தான் திருப்பிக் கேட்பேன்: கடந்த மூன்று மாதத்தில் வாரத்துக்குச் சராசரியாக எத்தனை நாள் வந்தீர்கள்? வர நினைத்த நாள் கணக்கு வேண்டாம், வந்த நாள் கணக்கு வேண்டும். நான்குக்குக் கீழே என்றால் ஃபுல் பாடி போடுங்கள். நான்கும் அதற்கு மேலும் என்றால் பிரிப்பதைப் பற்றிப் பேசலாம்.

இந்தக் கேள்விக்கு நான் வந்து சேர்ந்த வழி என் நோட்டுதான். முதல் ஒன்றரை வருடம் நானும் அந்த ஆறு நாள் அட்டவணையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். என்ன போட்டேன், எத்தனை கிலோ, எத்தனை ரெப் (ஒரு தடவை தூக்கி இறக்குவது ஒரு ரெப்) என்று ஒரு 80 பக்க நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கடைசி 12 வாரத்தை எண்ணினேன். வந்திருக்க வேண்டியது 72 நாள், வந்தது 41 நாள். செஸ்ட் 12, பேக் 9, ஷோல்டர் 7, பைசெப்ஸ் 6, டிரைசெப்ஸ் 4, லெக் 3. மூன்று மாதத்தில் மூன்றே முறை காலுக்கு வேலை கொடுத்திருக்கிறேன்! ஆபீஸ் வேலை, கல்யாண வீடு, காய்ச்சல், சனிக்கிழமை ஊருக்குப் போனது என்று ஒவ்வொரு விடுப்புக்கும் நியாயமான காரணம் இருந்தது. ஆறு நாள் ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கணக்குப்படி வாரத்துக்கு மூன்றரை நாள்கூட வராத ஆள். அந்த 41 நாளும் ஃபுல் பாடியாக இருந்திருந்தால் என் தொடைக்கு 41 முறை வேலை கிடைத்திருக்கும். அதே நேரம், அதே மாதச் சந்தா.

ஒரு நாள் விட்டுப்போனால் என்ன நஷ்டம் என்பதில்தான் இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம். வாரம் மூன்று நாள் ஃபுல் பாடியில் ஒரு நாள் போனால் எல்லாத் தசைக்கும் மூன்றில் ஒரு பங்கு வேலை குறைகிறது. மீதி இரண்டு பங்கு கையில் இருக்கிறது. ஒரு பாகத்துக்கு ஒரு நாள் என்ற ஸ்ப்ளிட்டில் ஒரு நாள் போனால் அந்தத் தசைக்கு அந்த வாரம் முழுவதும் பூஜ்யம். அடுத்த முறை வருவதற்குள் 14 நாள் ஆகிவிடும்.

14 நாள் ஏன் அதிகம் என்று பார்க்க, தசைக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். எடை தூக்கியதும் தசை வளர்ந்துவிடுவதில்லை. தூக்கிய பிறகு, புதிய புரதத்தைக் கட்டிச் சேர்க்கும் வேலையைத் தசை வேகப்படுத்துகிறது. அந்த வேகம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை 1995-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெக்டூகலும் உடன் பணியாற்றியவர்களும் அளந்தார்கள். ஆறு இளைஞர்கள், ஒரு கைக்கு மட்டும் கடுமையான பைசெப்ஸ் பயிற்சி, மறு கை சும்மா. நான்கு மணி நேரத்தில் பயிற்சி செய்த கையில் புரதம் கட்டும் வேகம் 50 சதவீதம் கூடியிருந்தது. 24 மணி நேரத்தில் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. 36 மணி நேரத்தில் கிட்டத்தட்டப் பழைய நிலைக்கு இறங்கிவிட்டது. அதாவது திங்கள் காலை ஆறு மணிக்கு அடித்த செஸ்ட்டுக்கு, செவ்வாய் மாலைக்குள் உள்ளே கட்டுமான வேலை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. புதன் முதல் அடுத்த திங்கள் வரை அந்தத் தசை புது வேலைக்குக் காத்திருக்கிறது. ஆறே பேரை வைத்துச் செய்த சிறு ஆய்வுதான். ஆனாலும் ஒரு தசையை வாரம் ஒரு முறை மட்டும் தொடுவதில் நாள்கள் வீணாகின்றன என்பதற்கு இதைவிடக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. பழகப் பழக இந்த வேகம் நீடிக்கும் நேரம் இன்னும் சுருங்குகிறது.

"வாரம் ஒரு தடவைன்னாலும் நான் 16 செட் போடுறேனே" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். (நடுவில் ஓய்வெடுக்காமல் போடும் ரெப்புகள் சேர்ந்தது ஒரு செட்.) எண்ணிக்கை முக்கியம். 2017-இல் ஆராய்ச்சியாளர் பிராட் ஷோன்ஃபெல்டும் உடன் இருந்தவர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரு தசைக்கு வாரத்துக்கு 10 செட்டும் அதற்கு மேலும் போட்டவர்கள் ஐந்துக்குக் குறைவாகப் போட்டவர்களைவிட அதிகம் வளர்ந்திருந்தார்கள். ஆகவே 16 செட் போடும் ஆள் சரியான திசையில்தான் போகிறார். அந்த 16 செட்டும் ஒரே தரத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்போம்.

பெஞ்ச் பிரஸ்ஸை, அதாவது மல்லாந்து படுத்து பாரை நெஞ்சுக்கு மேலே தள்ளுவதை, எடுத்துக்கொள்ளுங்கள். 60 கிலோ. முதல் செட்டில் 10 ரெப். இரண்டு நிமிடம் உட்கார்ந்து எழுந்து, 9. அப்புறம் 8. நாலாவதில் 7, கடைசி ரெப்பில் பார் நெஞ்சுக்கு மேல் நடுங்கி நிற்கும், பின்னால் நிற்கும் நண்பன் இரண்டு விரலால் தொட்டுக்கொண்டிருப்பான். இதுவரை 34 ரெப், 60-ஆல் பெருக்கினால் 2,040 கிலோ. இதற்குப் பிறகு இன்க்ளைன், அதற்குப் பிறகு டம்பெல், அதற்குப் பிறகு ஃப்ளை என்று நெஞ்சுக்கே இன்னும் மூன்று பயிற்சி. மூன்றாவது பயிற்சிக்கு வரும்போது முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். கை நீட்டும்போதே டிரைசெப்ஸ் கைவிட்டுவிடும். வழக்கமாக 20 கிலோ டம்பெல் எடுப்பவர் 15-ஐத் தேடிப் போவார். 13, 14, 15-ஆவது செட்டுகளில் நடப்பது பெரும்பாலும் களைப்போடு மல்லுக்கட்டுவதுதான், நெஞ்சுத் தசைக்கு அதில் போய்ச் சேரும் வேலை கொஞ்சம். அதே பெஞ்ச் பிரஸ் நான்கு செட்டைத் திங்கள், புதன், வெள்ளி என்று மூன்று நாள் புதுத் தெம்போடு போட்டால் 12 செட்டும் நல்ல செட், மொத்தம் 6,120 கிலோ. வாரத்தில் நான்கு செட் குறைவு, ஆனால் கழிவு செட் ஒன்றுகூட இல்லை.

ஃபுல் பாடிக்காக இவ்வளவு பேசியவன், எதிர்ப்பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2016-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, ஒரு தசையை வாரம் ஒரு முறை தொடுவதைவிட இரண்டு முறை தொடுவது நல்லது என்றது. நானும் அதைப் பிடித்துக்கொண்டு பலரோடு வாதாடியிருக்கிறேன். அதற்குப் பிறகு அதே ஆராய்ச்சியாளர்கள் கூடுதலான ஆய்வுகளை எடுத்து, மொத்த செட் எண்ணிக்கையைச் சமமாக வைத்துப் பார்த்தபோது, அடிக்கடி போடுவதாலேயே தனியாக ஒரு பெரிய லாபம் வருவதாகத் தெரியவில்லை. 2024-இல் ஸ்ப்ளிட்டையும் ஃபுல் பாடியையும் நேருக்கு நேர் வைத்த 14 ஆய்வுகளின் தொகுப்பும் இதையேதான் சொன்னது. வாராந்திர வேலை சமம் என்றால் பலத்திலும் தசை வளர்ச்சியிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

இந்த முடிவைப் படித்துவிட்டு "எதைப் போட்டாலும் ஒண்ணுதான்" என்று எடுத்துக்கொள்பவர்களைப் பார்க்கிறேன். "வேலை சமம் என்றால்" என்ற நிபந்தனையை அவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் வேலை சமமாக இருக்கும். அங்கே ஆளைக் கண்காணிக்கிறார்கள், நிறைய அமர்வுகளைத் தவறவிட்டவரைப் பெரும்பாலும் கணக்கிலிருந்தே எடுத்துவிடுவார்கள். ஜிம்மில் யாரையும் கணக்கிலிருந்து எடுப்பதில்லை. விட்டுப்போன சனிக்கிழமை விட்டுப்போனதுதான். என் நோட்டில் காலுக்கு 3, செஸ்ட்டுக்கு 12 என்று வந்தது ஸ்ப்ளிட்டின் உடலியல் குறையால் இல்லை. ஆறு நாள் கண்டிப்பாக வருபவனுக்கென்று செய்த அட்டவணையை மூன்றரை நாள் வருபவன் போட்டதால்.

அந்த அட்டவணை யாருக்காகச் செய்யப்பட்டது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

நம் பக்கத்துப் பழைய தேகப்பயிற்சிச் சாலைகளில் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று மூன்றையும் ஒரே நாளில், அநேகமாகத் தினமும் செய்தார்கள். தண்டால் மேல் உடம்புக்கு, பஸ்கி காலுக்கு, கர்லா தோளுக்கும் கைப்பிடிக்கும். இன்றைய பெயரில் சொன்னால் அது ஃபுல் பாடிதான். ஜெர்மானியரான யூஜின் சாண்டோ 1904-05 வாக்கில் இந்தியாவுக்கு வந்து பலம் காட்டிப் போனார். அவர் பெயர் பலசாலிகளுக்குப் பட்டமாகவே இங்கே ஒட்டிக்கொண்டது. படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவருக்கு முன்னால் 'சாண்டோ' வந்தது அப்படித்தான். சாண்டோவின் டம்பெல் பயிற்சியும் ஒரே மூச்சில் உடம்பு முழுவதையும் தொடுவதுதான். அமெரிக்காவில் 1947-இல் மிஸ்டர் அமெரிக்கா என்ற ஆணழகன் பட்டம் வென்ற ஸ்டீவ் ரீவ்ஸ் வாரத்தில் மூன்று நாள் ஃபுல் பாடி செய்தவர். இங்கிலாந்தின் ரெக் பார்க் 1951-இல் மிஸ்டர் யுனிவர்ஸ் ஆனார். அவர் எழுதிப் பரப்பிய 'ஐந்து செட், ஐந்து ரெப்' முறையும் அதே வகை.

பிறகு இரண்டு விஷயங்கள் மாறின. போட்டிகளில் ஒவ்வொரு தசையையும் தனித்தனியாகச் செதுக்கிக் காட்டினால்தான் ஜெயிக்க முடியும் என்று ஆனது. அதற்கு நிறைய பயிற்சிகள் தேவை, ஒரே நாளில் அடங்காது. இன்னொன்று மருந்து. 1958-இல் சீபா நிறுவனம் டயனபால் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அர்னால்ட் ஸ்வார்செனெகர் 1970 முதல் 1975 வரை தொடர்ந்து ஆறு முறை மிஸ்டர் ஒலிம்பியா ஆணழகன் பட்டம் வென்றபோது வாரத்தில் ஆறு நாள், போட்டி நெருங்கினால் நாளுக்கு இரண்டு வேளை பயிற்சி செய்தார். ஆனால் அவர் ஒரு தசையை வாரம் ஒரு முறை தொட்டவர் இல்லை, இரண்டு மூன்று முறை தொட்டவர். அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு பாகத்துக்கு வாரம் ஒரு நாள் என்பது பிற்பாடு பரவியது. 1992 முதல் 1997 வரை ஒலிம்பியா பட்டத்தை வைத்திருந்த டோரியன் யேட்ஸ் வாரத்தில் நான்கே நாள் வந்து, ஒவ்வொரு தசையையும் ஒரு முறை பிழிந்து எடுத்துவிட்டுப் போவார். அர்னால்டும் யேட்ஸும் ஸ்டீராய்டு எடுத்ததைப் பிற்காலத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர்கள்.

மருந்து கணக்கை எவ்வளவு மாற்றும் என்று 1996-இல் வெளிவந்த, பாசின் என்ற ஆராய்ச்சியாளரின் ஆய்வு காட்டியது. வாரத்துக்கு 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டெரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி, 10 வாரம். ஊசி போட்டுக்கொண்டு பயிற்சியே செய்யாமல் இருந்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கிய உடல் எடை 3.2 கிலோ கூடியது. ஊசி இல்லாமல் ஒழுங்காகப் பயிற்சி செய்தவர்களுக்கு 1.9 கிலோ. சும்மா இருந்தவர் உழைத்தவரைத் தாண்டிவிட்டார். ஊசியும் பயிற்சியும் சேர்ந்தவர்களுக்கு 6.1 கிலோ. உடம்பு இப்படி ஓடும்போது எந்த அட்டவணையும் பலன் தரும். அந்த ஆளின் அட்டவணையைச் சாம்பார் சாதமும் இரண்டு முட்டையும் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகும் ஒருவர் எடுத்துப் போட்டால் கிடைப்பது களைப்பு மட்டும்தான். பல ஜிம்களின் சுவரில் இருக்கும் அட்டவணை இப்படிப் போட்டியாளர்களிடமிருந்து இறங்கி வந்தது.

பலத்துக்காகவே வாழ்பவர்களைப் பாருங்கள். வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்டு கோஸ்டிலும் காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர். பளுதூக்குதலில் 'லெக் டே' என்று ஒன்று கிடையாது. ஸ்னாட்ச் என்றாலும் கிளீன் அண்ட் ஜெர்க் என்றாலும் கணுக்கால் முதல் உள்ளங்கை வரை எல்லாம் ஒரே தூக்கில் வேலை செய்கின்றன. பளுதூக்குபவர்களுக்கு அநேகமாக எல்லா நாளும் ஃபுல் பாடிதான். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் நரம்பு பழகுகிறது. புதிதாகச் சேர்ந்தவருக்கு இது இன்னும் பொருந்தும். முதல் சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்பு மண்டலம் கற்றுக்கொள்வதால் வருவது. தசை அதற்குப் பிறகுதான் தடிக்கிறது. 1979-லேயே ஆராய்ச்சியாளர்கள் மோரிடானியும் டிவ்ரீஸும் இதை எடுத்துக்காட்டிவிட்டார்கள். ஸ்குவாட்டை (தோளில் பாரை வைத்து உட்கார்ந்து எழுவது) வாரம் ஒரு முறை செய்பவர் வருடத்துக்கு 52 முறை கற்கிறார், மூன்று முறை செய்பவர் 156 முறை கற்கிறார். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ளும் பிள்ளையை வாரம் ஒரு நாள் மட்டும் யாரும் ஏற்றிவிட மாட்டோம்.

நடைமுறைக்கு வருவோம். நான் நண்பர்களுக்கு எழுதிக் கொடுப்பது இரண்டே நாள் கொண்ட ஒரு சீட்டு. முதல் நாள்: ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், ரோயிங் (எடையை வயிற்றை நோக்கி இழுப்பது), கடைசியில் வயிற்றுக்கு ஒன்று, கைக்கு ஒன்று. இரண்டாம் நாள்: டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிர்வது), ஓவர்ஹெட் பிரஸ் (தலைக்கு மேல் தள்ளுவது), புல்டவுன் (மேலிருந்து கீழே இழுப்பது) அல்லது புல்-அப், ஒற்றைக் காலில் லஞ்ச், கைக்கு ஒன்று. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். கிழமை எழுதக் கூடாது. திங்கள் முதல் நாள் போட்டு, புதன் வர முடியாமல் வியாழன் வந்தால் வியாழன் இரண்டாம் நாள், அவ்வளவுதான். எதுவும் தள்ளிப்போவதில்லை, மறுபடி செஸ்ட்டுக்குத் திரும்ப வேண்டியதும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் மூன்று செட் என்றால் 15 செட். ஒரு செட்டும் ஓய்வும் சேர்த்து மூன்று நிமிடம் வைத்தால் 45 நிமிடம். வாம்-அப்போடு ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடலாம்.

ஸ்குவாட்டையும் டெட்லிஃப்ட்டையும் ஒரே நாளில் கனமாகப் போடாமல் பிரித்ததற்குக் காரணம் இடுப்பு. இரண்டுமே கீழ்முதுகை வேலை வாங்குபவை. ஃபுல் பாடி என்றதும் எல்லாவற்றையும் ஒரே நாளில் முழு எடையில் போட்டுப் பார்த்து, பத்தாவது நாள் குனிய முடியாமல் விட்டவர்கள் உண்டு. ஃபுல் பாடியில் ஒவ்வொரு தசைக்கும் மூன்று நான்கு செட்தான். "இன்னும் ரெண்டு ரெப் போட்டிருக்கலாமே" என்ற நிலையிலேயே பாரை வைத்துவிட வேண்டும். மறுநாள் விட்டு மறுநாள் அதே தசைக்கு மறுபடி வேலை இருக்கிறது.

எடை கூட்டுவது பற்றி ஒரு சின்ன விஷயம், ஆனால் நிறைய பேர் இதில்தான் தேங்கி நிற்கிறார்கள். பல ஜிம்களில் இருக்கும் மிகச் சிறிய பிளேட் 2.5 கிலோ. பாரின் இரண்டு பக்கமும் போட்டால் 5 கிலோ. 80 கிலோ ஸ்குவாட்டில் 5 கிலோ கூட்டினால் தெரியாது. 30 கிலோ ஓவர்ஹெட் பிரஸ்ஸில் 5 கிலோ என்பது ஆறில் ஒரு பங்கு, மலை மாதிரி. 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி சொந்தமாக வாங்கி பையில் போட்டுக்கொள்ளுங்கள். வாங்க முடியாவிட்டால் அதே 30 கிலோவில் 6 ரெப்பை 7 ஆக்கி, 8 ஆக்கி, 10 வந்த பிறகு 35-க்குப் போங்கள். இவ்வளவு சின்ன முன்னேற்றம் எழுதி வைத்தால்தான் கண்ணுக்குத் தெரியும்.

ஃபுல் பாடிக்கு உண்மையான சங்கடங்களும் உண்டு. சாயங்காலம் ஆறரை மணிக்கு ஒரே ஒரு ஸ்குவாட் ஸ்டாண்டு இருக்கும் ஜிம்மில் நான்கு இடத்தில் நான்கு வரிசையில் நிற்க வேண்டிவரும். ஸ்ப்ளிட் ஆள் ஒரே மூலையில் வேலையை முடித்துவிடுவார். (திங்கட்கிழமை மட்டும் ஃபுல் பாடி ஆளுக்கு யோகம். எல்லாரும் பெஞ்ச்சுக்கு நிற்கும்போது ஸ்குவாட் ஸ்டாண்டு காலியாக இருக்கும்.) ஒவ்வொரு பெரிய பயிற்சிக்கும் தனித்தனியாக வாம்-அப் செட் போட வேண்டியதும் ஒரு செலவு. 100 கிலோவுக்கு மேல் ஸ்குவாட் போடும் நிலைக்கு வந்தவருக்கு வெறும் பாரிலிருந்து படிப்படியாக ஏறவே கால் மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகு பெஞ்ச், அதற்குப் பிறகு ரோயிங் என்றால், மூன்றாவதற்கு வரும்போது ஆள் காலியாகியிருப்பார். இரண்டு மூன்று வருடம் ஒழுங்காகச் செய்து, ஒரு தசைக்கு வாரம் 15 செட்டுக்கு மேல் தேவைப்படும் கட்டத்துக்கு வந்தவர்களுக்கு ஃபுல் பாடி நாள் இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். அப்போது பிரிப்பதுதான் சரி.

பிரிப்பதிலும் தினுசு உண்டு. வாரம் நான்கு நாள் உறுதியாக வருபவருக்கு நான் முதலில் சொல்வது மேல் உடம்பு, கீழ் உடம்பு என்ற இரண்டு பிரிவு. ஒவ்வொரு தசைக்கும் வாரம் இரண்டு முறை வேலை கிடைக்கிறது, ஒரு நாள் விட்டாலும் பூஜ்யம் ஆவதில்லை. ஐந்து ஆறு நாள் வருபவருக்கு புஷ், புல், லெக்ஸ். தள்ளும் தசைகள் ஒரு நாள், இழுக்கும் தசைகள் ஒரு நாள், கால் ஒரு நாள், மறுபடி முதலிலிருந்து. சுவரில் இருக்கும் ஒரு பாகம் ஒரு நாள் அட்டவணையைவிட இது மூட்டுக்கும் நல்லது. செஸ்ட் நாளில் பெஞ்ச் போடும்போது முன்தோளும் டிரைசெப்ஸும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. ஒரு நாள் இடைவெளியில் ஷோல்டர், அதன் பிறகு டிரைசெப்ஸுக்கு டிப்ஸ் என்று போனால், பேப்பரில் மூன்று வெவ்வேறு தசை. தோள்மூட்டுக்கு அது ஐந்து நாளில் மூன்று அடி. எனக்கு இரண்டாவது வருடம் வலது தோளில் வந்த குத்தல் இப்படித்தான் வந்தது என்று நம்புகிறேன். ஒரு மாதம் சட்டை மாட்டவே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. தள்ளுவதையெல்லாம் ஒரே நாளில் சேர்த்து, நடுவில் இரண்டு நாள் இடைவெளி கொடுத்த பிறகுதான் சரியானது.

"மறுநாள் உடம்பு பிடிச்சுக்கலைன்னா வேலை நடக்கலைன்னு அர்த்தம்" என்று ஃபுல் பாடிக்கு மாறியவர்கள் கவலைப்படுவார்கள். வாரம் ஒரு முறை 16 செட் போட்டால் மூன்று நாள் வலிக்கும், படியிறங்க முடியாது. அதே தசையை அடிக்கடி தொட்டால் வலி வெகுவாகக் குறைந்துவிடும். தசை பழகிக்கொள்வதால் வருவது அது. வளர்ச்சியை அளக்க நோட்டில் உள்ள கிலோவைப் பாருங்கள்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கும், ஜிம்மில் சேர்ந்ததும் டிரெட்மில்லிலும் சைக்கிளிலும் ஏற்றி விடப்படும் பெண்களுக்கும் வாரம் இரண்டு நாள் ஃபுல் பாடி போதும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே எல்லாப் பெரிய தசைகளுக்கும் வாரத்தில் இரண்டு நாளாவது பலப்பயிற்சி வேண்டும் என்கிறது. என் சித்திக்கு 52 வயது. முட்டி வலிக்கிறது என்று வந்தவருக்கு மாஸ்டர் முதல் மாதம் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைத்தான் கொடுத்தார். அதன் பிறகு கையில் 5 கிலோ டம்பெல்லோடு அதையே. செவ்வாயும் சனியும் மட்டும் போகிறார். ஆறு மாதம் கழித்து, ரேஷன் அரிசிப் பையைத் தானே தூக்கி ஆட்டோவில் வைத்ததை எனக்கு போன் பண்ணிச் சொன்னார்.

சாப்பாட்டைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும் அளவு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம் புரதம். எடைப் பயிற்சி செய்பவர்களை வைத்து நடந்த 49 ஆய்வுகளின் 2018 தொகுப்பு 1.6 கிராம் வரை பலன் இருப்பதாகச் சொன்னது. 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். இந்தப் பள்ளத்தை அடைக்காமல் ஃபுல் பாடியா ஸ்ப்ளிட்டா என்று வாதாடுவதில் பாதி நேரம் வீண்.

நான் இப்போது வாரம் நான்கு நாள், மேல்-கீழ் பிரித்துப் போடுகிறேன். மார்ச் மாதம் மட்டும் கணக்கு முடிக்கும் வேலையில் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் ஆபீஸை விட்டுக் கிளம்ப முடியும். நான்கு நாள் நடக்காது என்று முன்கூட்டியே தெரியும். அதனால் பிப்ரவரி கடைசி ஞாயிறன்று நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு, பழைய இரண்டு நாள் சீட்டுக்கு இறங்கிவிடுவேன். போன மார்ச்சில் மொத்தமே 9 நாள் வந்தேன். ஸ்குவாட் 5 முறை, டெட்லிஃப்ட் 4 முறை. ஏப்ரல் முதல் வாரம் மறுபடி நான்கு நாளுக்கு ஏறியபோது ஸ்குவாட்டில் விட்ட இடத்திலிருந்து 2.5 கிலோ கூடுதலாகவே தொடங்க முடிந்தது.